ஒரே நாயகி, இரு வேறு வசூல்கள்

சூப்பர் ஹீரோ படத்தின் வசூலை நாயகரின் புகழே தீர்மானிக்கிறது என நானும் நினைத்திருந்தேன். பிரி லார்சன் ஒரே பாத்திரமாக நடித்த இரு படங்களை ஒப்பிட்டபோது அந்த எண்ணம் மாறியது.

2019 மார்ச்சில் வெளியான ‘கப்டன் மார்வல்’ உலகளவில் 1.1 பில்லியன் டொலருக்கு மேல் ஈட்டியது. 2023 நவம்பரில் வந்த அதன் தொடர்ச்சியான ‘த மார்வல்ஸ்’ ஏறத்தாழ 206 மில்லியன் டொலருடன் நின்றுவிட்டது.

முதற்காரணம் வெளியீட்டு நேரம். ‘இன்ஃபினிட்டி வோர்’ படம் உயிர்களில் பாதியை அழித்துவிட்டு முடிந்திருந்தது. அதற்கான விடை ‘எண்ட்கேம்’ படத்தில் வரவிருந்தது. இவ்விரண்டுக்கும் இடையில் ‘கப்டன் மார்வல்’ வந்ததால் அதைத் தவறவிட ரசிகர்கள் விரும்பவில்லை.

அடுத்தது முன்கதைச் சுமை. ‘த மார்வல்ஸ்’ படத்தை முழுமையாக விளங்கிக்கொள்ள, டிஸ்னி பிளஸ் தளத்தில் வெளியான இரு தொடர்களையும் பார்த்திருக்க வேண்டியிருந்தது. ஹொலிவூட் நடிகர்களின் வேலைநிறுத்தம் வெளியீட்டுக்கு முதல்நாள்தான் முடிந்தது. அதனால் நடிகர்கள் விளம்பரத்தில் பங்குபற்ற முடியவில்லை. சீனாவிலும் வசூல் பெரிதும் சரிந்தது.

இதற்கு மறுபக்கம் 2019இன் ‘ஜோக்கர்’. முன்கதை எதுவும் தெரியாதவரும் பார்க்கக்கூடிய அந்தப் படம், சீனாவில் திரையிடப்படாமலேயே ஒரு பில்லியன் டொலரைக் கடந்தது.

நாயகரின் பெயர் அறிமுகத்தைத்தான் தருகிறது. இந்தப் படத்தை இப்போதே திரையரங்கில் பார்க்க வேண்டும் என்பதற்கான காரணத்தைக் கதையே தரவேண்டும் என்பதே நான் கண்ட முடிவு.