மட்டி போன வழி

பசிபிக் மாகடலில் சென்று கலக்கும் கொலம்பியா நதியில், வாஷிங்டன் மாநிலத்துக் கரையோரமாக 1938ஆம் ஆண்டில் உயிருடன் கண்டெடுக்கப்பட்ட ஆசிய மட்டி, மஞ்சளும் பழுப்புமான ஓட்டின்மேல் வரிவரியாக வளையங்கள் ஓடிய, ஓர் அங்குலத்துக்குச் சற்று முன்பின்னான அற்ப ஜீவன்தான். பிழைப்பை நாடிக் கடல் கடந்து சென்ற சீனத் தொழிலாளர், சொந்த ஊரில் உண்டு பழகிய ருசியை விடமாட்டாமல் அதனையும் உடன் கொண்டுசென்றிருக்கலாம் என்பது அறிஞர்களின் அனுமானம். அது மெய்யாகவே இருப்பினும், எங்கோ ஓர் அடுப்புக்காக வந்த மட்டி கண்டம் முழுவதும் பரவியதற்கு அந்த ஏழைகளையே பொறுப்பாளிகளாக்குவது நியாயமன்று.

ஆண்மையும் பெண்மையும் ஓருடலிலேயே அமைந்து, துணையின்றித் தானே கருவுறவும் வல்லதாகையால், புதிய நீரில் ஒரேயொரு மட்டி விழுந்தாலும் வம்சம் தொடங்கிவிடுகிறது. மணற்பரல் அளவேயான குஞ்சுகள் பிசுபிசுப்பான நூலொன்றை வெளிவிட்டு ஓட்டத்தோடு மிதந்து செல்லும். ஆனால் மலைத்தொடரைத் தாண்டி மற்றொரு நதியை அடைய அவற்றுக்குக் கால் ஏது? தூண்டிற்காரர் இரைக்கென்று வாளியில் எடுத்துச் சென்றனர். மீன்தொட்டி வைத்திருந்தோர் அலுத்தபின் ஆற்றில் கொட்டினர். கலிபோர்னியாவில் வயல்களுக்கு நீர் கொணர வெட்டிய டெல்டா மெண்டோட்டா கால்வாயில் அவை வண்டலோடு சேர்ந்து திட்டுத்திட்டாகப் படிந்து, நீரோட்டத்தையே குறைத்துவிட்டன. 1957இல் கிழக்கே வெகுதூரத்திலுள்ள ஒஹையோ நதியிலும் அவை தென்பட்டன.

அங்கு நிகழ்ந்தது விசித்திரமானது. கட்டட வேலைக்கென நதிப்படுகையிலிருந்து வாரிய மணலோடும் சரளையோடும் மட்டிகளும் உயிருடன் வந்து சேர்ந்தன. சிமெண்டுக் கலவை இறுகுமுன் அவை மேலேற முயன்று விட்டுச்சென்ற துளைகளால் காங்கிரீட்டின் வலிமை குன்றியது. கல்லைப்போல் கடினமான பொருளை ஆக்குவதாக எண்ணியிருந்த பொறியாளர்களுக்கு அது எத்தகைய மனக்கசப்பைத் தந்திருக்கும்!

அணை, கால்வாய், குழாய் என மனிதன் நீரைத் திருப்பிய இடமெங்கும் மட்டிக்கு வாசல் திறந்தது. 1980ஆம் ஆண்டு ஆர்கன்ஸா மாநிலத்து அணுமின் நிலையமொன்றில், டார்டனெல் நீர்த்தேக்கத்திலிருந்து வரும் குளிர்விக்கும் நீரின் பாதையை மட்டிகளும் அவற்றின் ஓடுகளும் அடைத்துக்கொண்டதால் ஓர் உலையை நிறுத்த நேரிட்டது. குளோரினைக் கலந்து ஒழிக்கலாமென்றாலோ, வளர்ந்த மட்டி ஓட்டை இறுக மூடிக்கொண்டு பல நாள் தாக்குப்பிடிக்கும். மறு ஆண்டே அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம், தத்தம் நீர்நிலைகளில் இம்மட்டி உள்ளதா என்று பார்த்துத் தெரிவிக்குமாறு நாட்டின் அணுமின் நிலையங்களுக்கெல்லாம் சுற்றறிக்கை விடுத்தது.