பழ ஈ காட்டிய வழி

கருவில் உடலை வகுக்கும் மரபணுவே பின்னாளில் புற்றுநோய்க்கும் வித்தாகலாம் என்னும் உண்மைக்கு வழிகாட்டியது ஒரு சின்னஞ்சிறு பழ ஈ.

ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் கிறிஸ்டியானே நியூஸ்லைன்-ஃபோல்ஹார்ட், எரிக் வீஷௌஸ் இருவரும் ஈயின் உடலமைப்பை வகுக்கும் மரபணுக்களைத் தேடி, 1980-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். ஒரு மரபணு பழுதுபட்ட புழுவின் மேனியில் முட்கள் அடர்ந்திருந்தன. எனவே அது முள்ளெலியின் பெயரால் ‘ஹெட்ஜ்ஹாக்’ எனப்பட்டது. அது வளர்ச்சிக்கு ஆணையிடும். ‘பேட்ச்ட்’ என்னும் மற்றொன்று கடிவாளமாய் நிற்கும்.

அக்கடிவாளம் அறுவதே ஒருவகைத் தோல் புற்றுநோயின் வேர் என 1996-இல் தெளிவாயிற்று. அவ்வாணையைத் தடுக்கும் விஸ்மோடெகிப் என்னும் மருந்துக்கு 2012-இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. ஆயினும் கருவுற்ற தாய்க்கு அது ஆகாது. நோயைத் தடுக்கும் மருந்து சிசுவின் வளர்ச்சியையும் தடுத்துவிடும்.

ஆக்கமும் அழிவும் ஓரிடத்தே பிறக்கின்றன. அதனை அறிய, ஈயையும் இகழாத அறிவு வேண்டும் அன்றோ!