மெழுகிய தரையும் லயத்து ஈரமும்

தோட்டத்து மக்களுக்குச் சுத்தம் தெரியாது என்ற பழி கண்டி மலைகளில் நெடுங்காலம் நிலைத்திருந்தது. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தின் தரை வரலாறு அதை மறுக்கிறது. 1660இல் கண்டி மன்னனின் ஆட்களிடம் பிடிபட்டு 1679இல் தப்பிய ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் கண்டி இராச்சியத்து வீடுகளை விவரிக்கிறார்: குடிமக்கள் ஓடு வேயவோ சுவருக்குச் சுண்ணாம்பு பூசவோ அனுமதி இல்லை, களிமண் சுவரையே வழுவழுப்பாக்கி வைத்திருந்தார்கள். மண் வீட்டைச் செம்மையாகப் பேணுவது இம்மலைகளுக்குப் பழகிய கலைதான். கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்தவர்களும் அக்கலையை அறிந்தே வந்தார்கள். தரையை மெழுகும் சாணத்திலுள்ள நார் மண்ணைப் பிணைத்து வெடிப்பையும் தூசியையும் அடக்கும். மெல்லிய பூச்சாக மெழுகி, நன்றாகக் காயவிட்டு, தேய்ந்ததும் மறுபடி மெழுகவேண்டும். இதற்கு வெயில், காற்று, தண்ணீர், நேரம் நான்கும் தேவை. பின்னர் தேயிலைக் காலத்தில், காலையில் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்குப் போய் மாலைவரை கொழுந்து பறித்தவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. ஒரே வாசலோடு அடுத்தடுத்து ஒட்டிக் கட்டிய காம்பராக்களில் வெயிலும் காற்றும் நுழையவில்லை. தண்ணீர் பீலியிலிருந்து சுமந்துவர வேண்டியிருந்தது. இரண்டு பருவமழையும் நனைக்கும் மலைச்சரிவில் தரை காயாமல் கிடந்ததற்குக் காரணம் கட்டடமே.

சாணமே கிருமிக்கு இடமல்லவா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது: சாணத்தில் ஏற்புவலிக் கிருமியின் வித்துகள் இருக்கலாம், பிரசவ அறைக்கு அது ஆபத்து. ஆனால் தோட்டங்களை வாட்டிய கொக்கிப்புழு மாட்டுச் சாணத்தால் வந்ததல்ல. மனித மலம் கலந்த ஈரமண்ணில் வளரும் இளம்புழுக்கள் வெறுங்காலைத் துளைத்து உடலுக்குள் புகும். 1916இல் ரொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியோடு இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு தொடங்கியபோது, மருந்து கொடுத்தால் மட்டும் போதாது, மலசலகூடமும் வேண்டும் என்பது தெளிவானது. அதைக் கட்டும் அதிகாரம் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தது. மெழுகுபவரின் கையில் இல்லை.

சீமெந்து வந்ததும் சிக்கல் தீர்ந்துவிட்டது என்பாரும் உண்டு. சீமெந்துத் தரையைத் தும்புத்தடியால் கூட்டி, ஈரத்துணியால் துடைத்து, சிவப்புப் பொலிஷ் பூசித் தேங்காய் மட்டையால் தேய்த்தால் மினுங்கும். உழைப்பு குறைந்தது உண்மை. ஆனால் கூரை ஒழுகி, கான் அடைத்துக்கொண்டால் சீமெந்தும் ஈரமாகவே கிடக்கும். ஆகவே தோட்ட வீடமைப்பைத் திட்டமிடுவோர் சுத்தத்தைப் போதிக்கும் முன் கூரையையும் கானையும் நீர்க்குழாயையும் சரிசெய்யட்டும். காணியையும் குடியிருப்போர் பெயருக்கே எழுதிக் கொடுக்கட்டும். உரிமை இல்லாத வீட்டில் தரையை மெழுகலாம். கூரையை மாற்ற முடியாது.