இந்தியச் சிறு காப்பி விவசாயிகள்

10 ஹெக்டேருக்கு (சுமார் 25 ஏக்கர்) மேற்படாத காப்பி நிலம் உடையவர்களை இந்தியக் காப்பி வாரியம் சிறு விவசாயிகள் என வகைப்படுத்துகிறது. நாட்டின் காப்பித் தோட்டங்களில் 98 விழுக்காட்டுக்கு மேல் இவர்களுடையவை. குடகு, சிக்மகளூர், வயநாடு, சேர்வராயன் மலை, கீழ்ப்பழனி மலை, அரக்குப் பள்ளத்தாக்கு ஆகியவை முக்கியப் பகுதிகள்.

வரலாறு

பாபா புதன் 17ஆம் நூற்றாண்டில் ஏமனிலிருந்து ஏழு விதைகளைக் கொணர்ந்து சிக்மகளூர் மலையில் ஊன்றினார் என்பது மரபு. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் பெருந்தோட்டங்கள் அமைத்தனர். இரண்டாம் உலகப்போரில் ஐரோப்பியச் சந்தை அடைபட்டதும், 1942ஆம் ஆண்டின் காப்பிச் சட்டம் திரட்டு முறையை நிலைநாட்டியது. விளைச்சலை விவசாயி வாரியத்திடம் ஒப்படைத்தார். வாரியம் தரம் பிரித்து ஏலம் விட்டது. பணம் தவணைகளில் வந்தது. இறுதித் தவணை தாமதமானாலும், ஒரே தரத்துக்குச் சிறியவருக்கும் பெரியவருக்கும் ஒரே கணக்கு. சிறு விவசாயிக்கு இதுவே உறுதியான அரணாக இருந்தது.

உலக விலையைத் தாங்கிவந்த, 1962இல் உருவான பன்னாட்டுக் காப்பி ஒப்பந்தத்தின் ஏற்றுமதி ஒதுக்கீடு 1989 ஜூலையில் முறிந்தது. 1991இல், இந்தியக் காப்பியைப் பெருமளவில் வாங்கிவந்த சோவியத் ஒன்றியமும் கலைந்தது. 1992 முதல் படிப்படியாகத் தளர்ந்த திரட்டு முறை 1996இல் முற்றிலும் நீங்கியது. 2001இல் உலகச் சராசரி விலை ஒரு ராத்தலுக்கு 50 சென்ட்டுக்கும் கீழே சரிந்தபோது, திரட்டு முறையின் அரண் இல்லாததால், அந்த அடி நேராகச் சிறு விவசாயி மேல் விழுந்தது.

சாகுபடி

இந்தியக் காப்பி பெரும்பாலும் நிழலில் வளர்கிறது. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறுகிறது. கீழ்ப்பழனியில் மலைவாழையும் ஆரஞ்சும் ஊடுபயிர்கள். காப்பி விலை விழும் ஆண்டில் இவை குடும்பத்தைத் தாங்குகின்றன. நிழல் குறைந்தால் அரபிக்கா வகைக் காப்பியைத் தாக்கும் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்னும் பூச்சி பெருகும். ஆகவே மரங்களை வெட்டுவது வருமானத்தையே வெட்டுவதாகும்.

விற்பனை

பழத்தின் தோல் நீக்கிக் கழுவி உலர்த்திய காப்பிக்கு நல்ல விலை உண்டு. அதற்கு இயந்திரமும் தண்ணீரும் களமும் வேண்டும். இவை இல்லாதவர் பழத்தை அப்படியே உலர்த்தி உள்ளூர் வியாபாரியிடம் கொடுத்துவிடுகிறார். அரக்குவில் பழங்குடி விவசாயிகள் கூட்டுறவாகப் பழம் திரட்டிப் பதப்படுத்தி, அரக்கு என்ற பெயரைப் பாரிஸ் வரை கொண்டுசென்றனர். அரக்கு அரபிக்கா 2019இல் புவிசார் குறியீடும் பெற்றது.

இன்றைய நிலை

காடழிப்பைத் தடுக்கும் 2023ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றிய விதி, காப்பி விளைந்த நிலத்தின் இருப்பிடச் சான்றைக் கேட்கிறது. தனித்து நிற்கும் சிறு விவசாயிக்கு அதைத் தருவது கடினம். திரட்டு முறை விட்டுச்சென்ற இடத்தை விவசாயிகளின் கூட்டுறவால் மட்டுமே நிரப்ப முடியும்.