தானாக மீளத் தொடங்கும் கணினி: புதுப் பாகம் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

பிள்ளைகள் பாகம் பாகமாக வாங்கித் தாங்களே பொருத்திய கணினி இன்று எங்கள் வீடுகள் பலவற்றில் இருக்கிறது. பிள்ளை படிக்கவோ வேலைக்கோ வேறு நகரத்துக்குப் போனதும் அது அப்பா அம்மாவின் கைக்கு வந்துவிடுகிறது. வருமானவரிக் கணக்கும் அதில்தான், ஊரோடு கதைப்பதும் அதில்தான், காணி உறுதிகளினதும் பிறப்புப் பத்திரங்களினதும் பிரதிகள் கிடப்பதும் அதில்தான். ஒருநாள் அந்தக் கணினி சொல்லாமல் கொள்ளாமல் அணைந்து, தானாகவே மறுபடி தொடங்குகிறது. அடுத்தநாள் இரண்டு தடவை. பிறகு கணக்கில்லை.

கடையில் முழுதாக வாங்கிய கணினி என்றால் விற்றவரிடமே திருப்பிக் கொடுக்கலாம். வீட்டில் பொருத்தியதற்கு அந்த வசதி இல்லை. ஒவ்வொரு பாகத்துக்கும் வேறு வேறு நிறுவனம், வேறு வேறு உத்தரவாதம். எந்தப் பாகத்தில் பழுது என்று நாமே கண்டுபிடித்தால்தான் எவரிடமும் போக முடியும். அதற்கான ஒழுங்கு ஒன்றை இங்கே தருகிறேன். நான் கணினிப் பொறியியலாளன் அல்ல, கணக்காளன். இரண்டு மாதம் இந்தப் பிரச்சினையோடு மல்லுக்கட்டியபோது கற்றுக்கொண்டவை இவை.

முதலில் பிரதி எடுங்கள்

பழுது தேடுவது இரண்டாவது வேலை. முதல் வேலை, உள்ளே இருப்பதை வெளியே எடுப்பது. கோப்பு ஒன்று எழுதப்படும் நேரத்தில் கணினி அணைந்தால் அந்தக் கோப்பு பழுதாகலாம். கோப்புகளின் அட்டவணையே குழம்பவும் கூடும். ஒவ்வொரு தடவை மீளத் தொடங்கும்போதும் அந்த ஆபத்து உண்டு.

நான் போன திருத்தும் கடையில் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, “ஃபோர்மற் பண்ணினால் சரியாகும், விட்டுவிட்டுப் போங்கள்” என்றார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. எங்கள் வீட்டு அல்பங்கள் இடப்பெயர்வுகளில் போய்விட்டன. பாரிஸிலும் லண்டனிலும் சென்னையிலும் இருக்கிற உறவுகளிடம் இருந்த கலியாணப் படங்களையும் பிறந்தநாள் படங்களையும் இரவல் வாங்கி, ஒவ்வொன்றாக ஸ்கான் செய்து திருப்பி அனுப்பியிருந்தேன். இரண்டு வருட வேலை. வேறு பிரதி இல்லை. கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வின்டோஸ் அரை மணி நேரமாவது நிற்குமென்றால் வெளி வன்தட்டு ஒன்றைச் செருகி, மிக முக்கியமான கோப்புறைகளை முதலில் பிரதி எடுங்கள். நிற்காவிட்டால் இரண்டு வழி உண்டு. ஒன்று, யூஎஸ்பி குச்சியில் உபுண்டு லினக்ஸை ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்கிக் கோப்புகளை எடுப்பது. மற்றது, வட்டைக் கழற்றி யூஎஸ்பி உறையில் போட்டு வேறு கணினியில் செருகுவது. கோளாறு கணினியின் வேறு பாகத்தில் இருந்தால் இரண்டாவது வழியே பாதுகாப்பானது.

ஒரு எச்சரிக்கை. இப்போதைய வின்டோஸ் கணினிகள் பலவற்றில் வட்டு பிற்லொக்கர் முறையில் பூட்டப்பட்டிருக்கும். பூட்டியிருப்பதே பலருக்குத் தெரியாது. வட்டை வேறு கணினியில் செருகினாலும், பயோஸில் சில மாற்றங்களைச் செய்தாலும் 48 இலக்க மீட்புத் திறவுகோலைக் கேட்கும். அது இல்லாவிட்டால் கோப்புகள் போனதுதான். அனேகமாக அது உங்கள் மைக்ரோசொஃப்ற் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். எதையும் தொடுவதற்கு முன் அதைத் தேடிக் கடதாசியில் எழுதி வையுங்கள்.

குறிப்பேடு ஒன்று

பரீட்சை மீதி பொருந்தாவிட்டால் கணக்காளர் எல்லாப் பதிவையும் உடனே புரட்டுவதில்லை. வித்தியாசத்தை 9 ஆல் வகுத்துப் பார்ப்போம். மீதியின்றி வகுபட்டால் இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்று ஒரு தடயம் கிடைக்கும். கணினியும் அப்படித்தான். எப்போது, எந்த விதமாக அணைகிறது என்பதே முதல் தடயம். திகதி, நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், நீலத்திரை வந்ததா என்று நாலு விடயத்தைக் குறியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றி, கணினி சரியாகிவிட்டால் எது காரணம் என்று தெரியாமலே போய்விடும்.

மூன்று விதமான மீள்தொடக்கம்

முதலாவது, ஒழுங்காக மூடிவிட்டுத் தொடங்குவது. இது பெரும்பாலும் வின்டோஸ் புதுப்பித்தல். ஈவென்ற் வியூவர் என்ற பதிவேட்டில் 1074 என்ற இலக்கத்துடன், எந்த நிரல் மீளத் தொடங்கச் சொன்னது என்பதும் எழுதப்பட்டிருக்கும். இது பழுதல்ல.

இரண்டாவது, நீலத்திரை ஒரு கணம் மின்னி மறைவது. வின்டோஸ் தன் பிழையைத் தானே கண்டு நிறுத்துகிறது. ஆனால் உடனே மீளத் தொடங்குமாறு அமைக்கப்பட்டிருப்பதால் நாம் வாசிக்க முடிவதில்லை. சிஸ்டம் அமைப்புகளில் ஸ்ராட்டப் அன்ட் ரிகவரி என்ற பகுதிக்குப் போய், தானாக மீளத் தொடங்கு என்ற பெட்டியில் உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். அடுத்த முறை திரை நிற்கும். அதிலுள்ள பிழைப் பெயரைக் கைபேசியில் படம் எடுத்துத் தேடலாம். ட்ரைவர் மென்பொருள், ராம், வட்டு ஆகியவையே இங்கே முதற் சந்தேகத்துக்குரியவை.

மூன்றாவது, கரண்ட் போனதுபோல ஒரே கணத்தில் இருண்டு மறுபடி தொடங்குவது. பதிவேட்டில் கேர்னல் பவர் 41 என்று இருக்கும். இதில் ‘பவர்’ என்ற சொல்லைப் பார்த்துவிட்டுப் பலர் பவர் சப்ளைதான் பழுது என்று முடிவு கட்டுகிறார்கள். அது தவறு. கணினி ஒழுங்காக மூடப்படாமல் மீளத் தொடங்கியது என்பது மட்டுமே 41 இன் பொருள். அதன் விபரத்தில் பக்செக் கோட் 0 என்று இருந்தால் வின்டோஸ் எந்தப் பிழையையும் பதிய நேரம் கிடைக்கவில்லை என்று விளங்கலாம். அப்போது மின்சாரம், வெப்பம், குறுக்குத் தொடர்பு என்ற வரிசையில் பார்க்க வேண்டும். அதே நேரத்தில் வியா லொகர் என்ற பதிவும் இருந்தால் புரொசெசர் தானே ஒரு வன்பொருட் பிழையை அறிவித்திருக்கிறது.

இவற்றைப் பிரிக்க ஒரு இலகுவான சோதனை உண்டு. கணினியைத் தொடங்கி, வின்டோஸுக்குள் போகாமல் பயோஸ் திரையிலேயே ஒரு மணி நேரம் விடுங்கள். அங்கேயும் அணைந்து தொடங்கினால் வின்டோஸில் குற்றம் இல்லை. ஃபோர்மற் செய்து பயனில்லை. அங்கே அணையாவிட்டால் மட்டும் வன்பொருள் நல்லது என்று சொல்லிவிட முடியாது. பயோஸில் கிராபிக்ஸ் கார்ட்டுக்கு வேலையே இல்லை.

மின்சாரம்

சுவரிலிருந்து தொடங்குங்கள். கனடாவில் வீட்டுச் சொக்கற் வழமையாக 120 வோல்ற், 15 அம்பியர். 1500 வாற் அறை ஹீற்றர் ஒன்றே 12.5 அம்பியர் எடுக்கும். அதே இணைப்பில் கணினியும் இருந்தால், ஹீற்றர் தொடங்கும் கணத்தில் மின்னழுத்தம் தாழ்ந்து கணினி அணையக்கூடும். நீட்டல் வயரைக் கழற்றிவிட்டுச் சுவரில் நேராகச் செருகி, வேறு அறையில் ஒருநாள் வைத்துப் பாருங்கள். செலவு எதுவும் இல்லை.

அடுத்தது பவர் சப்ளை. விளையாட்டு ஓடும்போது அல்லது வீடியோ தொகுக்கும்போது மட்டும் அணைந்தால் இதை நினைக்கலாம். இப்போதைய கிராபிக்ஸ் கார்ட்கள் சில மில்லி செக்கன்களுக்குத் தம் வழமையான அளவைவிட மிக அதிகமாக இழுக்கும். பழைய பவர் சப்ளை அதைத் தாங்காமல் விழும். கார்ட்டில் இரண்டு மின் இணைப்புகள் இருந்தால் ஒரே வயரின் இரண்டு வால்களையும் செருகாமல், இரண்டு தனி வயர்களைச் செருகுங்கள். மதர்போர்ட்டின் 24 ஊசிப் பிளக்கும் புரொசெசருக்கான 8 ஊசிப் பிளக்கும் கிளிக் என்று பூட்டும்வரை இறங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

12 வோல்ற் இணைப்பில் 11.4 முதல் 12.6 வரை இருக்கலாம் என்பது நியமம். ஆனால் மல்ரிமீற்றர் மில்லி செக்கன் வீழ்ச்சிகளைக் காட்டாது. நல்லதென்று தெரிந்த ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுப் பார்ப்பதே உறுதியான சோதனை. அப்போது அதன் வயர்களையும் சேர்த்தே மாற்றுங்கள். கழற்றிப் பூட்டும் வயர்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. பிளக் பொருந்தினாலும் உள்ளே ஒழுங்கு மாறியிருந்தால் வட்டும் மதர்போர்ட்டும் எரிந்துபோகும். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்கவே வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே உயிராபத்தான மின்னேற்றம் இருக்கும்.

வெப்பமும் ராமும்

புரொசெசர் சூடானால் முதலில் தன் வேகத்தைக் குறைக்கும். அதற்கும் அடங்காவிட்டால் கணினியை அணைக்கும். பலவற்றுக்கு 95 முதல் 100 பாகை செல்சியஸ் எல்லை. எச்டபிள்யூ இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் வெப்பநிலையைப் பார்க்கலாம். சும்மா இருக்கும்போதே 80 ஐத் தாண்டினால் குளிர்விப்பானைக் கழற்றிப் பாருங்கள். அதன் அடியிலுள்ள பாதுகாப்புப் பிளாஸ்ரிக் தாளை உரிக்காமலே பூட்டியிருப்பது, முதன்முதலாகக் கணினி பொருத்துபவர்கள் விடும் வழமையான பிழை. தூசியையும் துடையுங்கள்.

ராமைச் சோதிக்க மெம்ரெஸ்ற்86 என்ற இலவச நிரலை யூஎஸ்பி குச்சியில் ஏற்றி இரவு முழுவதும் ஓட விடுங்கள். ஒரேயொரு பிழை காட்டினாலும் அது பிழைதான். அப்போது பயோஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற வேக அமைப்பை நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பிழை போய்விட்டால் அந்த வேகத்தை உங்கள் கணினி தாங்கவில்லை. போகாவிட்டால் ஒரு ராமை மட்டும் வைத்து ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். நாலு துளை உள்ள மதர்போர்ட்டில் இரண்டு ராம் என்றால், பெரும்பாலும் புரொசெசரிலிருந்து இரண்டாவது, நாலாவது துளைகளே சரியான இடம்.

பயோஸும் இன்ரெல் விவகாரமும்

இன்ரெலின் 13 ஆம், 14 ஆம் தலைமுறை மேசைக்கணினிப் புரொசெசர் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். அவற்றுள் பலவற்றில் தேவைக்கு மேற்பட்ட மின்னழுத்தம் போய்ச் சில்லு நாளடைவில் பழுதாகிறது என்று இன்ரெல் 2024 இல் ஒப்புக்கொண்டது. அதைத் தடுக்கும் திருத்தம் 2024 ஓகஸ்ற் முதல் பயோஸ் புதுப்பித்தலாக வந்தது. திருத்தம் இனிமேல் வரும் சேதத்தைத் தடுக்குமே தவிர, ஏற்கெனவே பழுதானதைச் சரியாக்காது. ஆனால் பாதிக்கப்பட்ட வகைகளுக்கு உத்தரவாதத்தை இரண்டு வருடம் கூட்டியிருக்கிறார்கள். தனியாகப் பெட்டியில் வாங்கியதென்றால் மொத்தம் ஐந்து வருடம். மூன்று வருடம் முடிந்துவிட்டதே என்று கைவிட வேண்டாம். ஆனால் பயோஸ் புதுப்பிக்கும் நடுவில் கணினி அணைந்தால் மதர்போர்ட்டே இயங்காமல் போகலாம். நிலையாக நிற்கும் நேரம் பார்த்துச் செய்யுங்கள்.

என் கணினியில் நடந்தது

என் குறிப்பேட்டில் 41, பக்செக் 0 என்று இருந்தது. பயோஸிலும் அணைந்தது. விளையாட்டு எதுவும் இல்லை, வெப்பம் 40 பாகைதான். இவ்வளவும் எழுதி வைத்திருந்தும் அவசரப்பட்டு 120 டொலருக்குப் புதிய பவர் சப்ளை வாங்கிப் பூட்டினேன். அன்றிரவே மறுபடி அணைந்தது.

பிறகுதான் மகனை அழைத்துக் குறிப்பேட்டை வாசித்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்பா, பெட்டி முன்னுக்கு இருக்கிற ரீசெற் பட்டனின்ரை வயரைக் கழட்டிப் பாருங்கோ” என்றான். மதர்போர்ட்டின் மூலையில் இரண்டு ஊசியில் செருகியிருக்கும் சின்ன வயர். கழற்றினேன். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அணையவில்லை. பழைய பவர் சப்ளையைத் திருப்பிப் பூட்டினேன், அப்போதும் அணையவில்லை. தூசி அடைத்து அந்தப் பொத்தான் உள்ளே ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. மேசையில் கை தட்டினாலும் தொடர்பு ஏற்பட்டு, நாமே அழுத்தியதுபோலக் கணினி மீளத் தொடங்கியிருக்கிறது. அந்தப் பொத்தான் இல்லாமலே கணினி இயங்கும், பவர் பொத்தான் ஒன்று போதும்.

ஆகவே செலவில்லாத சோதனைகளை முதலில் முடியுங்கள். ரீசெற் வயரைக் கழற்றுங்கள். மதர்போர்ட்டின் பின்னால் துளைக்குப் பொருந்தாத இடத்தில் பித்தளைத் தாங்கி ஏதும் முட்டுகிறதா, விழுந்த திருகாணி கிடக்கிறதா என்று பாருங்கள். அதிலும் பிடிபடாவிட்டால் மதர்போர்ட்டை வெளியே எடுத்துக் காட்போட் மட்டையில் வைத்து, புரொசெசர், குளிர்விப்பான், ஒரு ராம், பவர் சப்ளை ஆகியவற்றோடு மட்டும் ஓட்டுங்கள். புரொசெசரில் படம் காட்டும் வசதி இல்லாவிட்டால் கிராபிக்ஸ் கார்ட்டும் வேண்டும். வெளியே நின்று, உள்ளே விழுந்தால் பெட்டியில்தான் கோளாறு.

கடைசியாக ஒரு கணக்காளரின் வார்த்தை. பாகங்களின் பற்றுச்சீட்டுகளை அந்தக் கணினிக்குள் மட்டும் வைக்காதீர்கள். அது இயங்காதபோதுதான் அவை தேவைப்படும். படங்களுக்கும் உறுதிகளுக்கும் அதே விதிதான். இப்போது எங்கள் படங்கள் ஒரு வெளி வன்தட்டில் வீட்டில் இருக்கின்றன, இன்னொரு பிரதி பாரிஸில் அக்காவின் அலுமாரியில் இருக்கிறது. கணினியின் எந்தப் பாகத்தையும் காசு கொடுத்து மாற்றலாம். உங்கள் வீட்டுக் கணினியில் வேறு எங்கும் பிரதி இல்லாதது எது என்று இந்தச் சனி ஞாயிறில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.