ஆடுவோரும் ஆட்டுவிப்போரும்

பிலிப்பைன்ஸ் என்றதும் நம்மில் மூத்தோர் பலருக்கு நினைவில் எழுவது, வானொலிப் பெட்டியின் இரைச்சலுக்கு நடுவே மிதந்து வந்த தமிழ்க்குரல்தான். கேசோன் நகரில் இயங்கிய வேரித்தாஸ் வானொலியின் தமிழ்ப்பணி, 2018ஆம் ஆண்டு சிற்றலை ஒலிபரப்பு நிறுத்தப்படும்வரை நம் இல்லங்களை எட்டியது. அதன் வழியே நாம் அறிந்த பிலிப்பைன்ஸ், செபமாலையும் பவனிகளும் நிறைந்த நாடு. 1986 பிப்ரவரியில் கவச வண்டிகளுக்கு முன் முழந்தாளிட்டு ஒரு சர்வாதிகாரியை அகற்றிய மக்களின் நாடு.

அதே நாட்டின் தொலைக்காட்சியில், இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், நண்பகல் உணவு வேளையில் வீடுதோறும் ஒளிர்ந்த காட்சி வேறு. இளம்பெண்கள் அணிவகுத்து நின்று, இடை அசைத்து, இருபொருள்படும் பாடல்களுக்கு ஆடினர். அவர்களுடைய குழுவின் பெயரே ‘செக்ஸ்பாம் கேர்ள்ஸ்’. அதனைத் தொடர்ந்து ‘விவா ஹாட் பேப்ஸ்’, ‘மோக்கா கேர்ள்ஸ்’ எனக் கவர்ச்சிக் குழுக்கள் பெருகின. பத்துப் பேரில் ஏறத்தாழ எட்டுப் பேர் கத்தோலிக்கராயுள்ள நாட்டில் இது எவ்வாறு நிகழ்ந்தது? பெண்கள் நாணம் இழந்துவிட்டார்கள் என்று ஒரே வரியில் விடை கூறிவிடலாம். நானும் ஒருகாலத்தில் அவ்வாறு பேசியவன்தான். ஆனால் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் விடை அவ்வளவு எளிதாக முடிவதில்லை.

ஆடல் அம்மக்களுக்குப் புதிதன்று. புலாக்கான் மாநிலத்தின் ஒபாந்தோ என்னும் ஊரில் ஆண்டுதோறும் மே 17, 18, 19 ஆகிய நாள்களில் புனித பாஸ்கால் பைலோன், புனித கிளாரா, சலம்பாவ் அன்னை ஆகியோரின் திருவுருவங்களுடன் மக்கள் வீதியில் ஆடிச் செல்வர். குழந்தைப்பேறு வேண்டும் தம்பதியர் அங்கே கால்களால் மன்றாடுகின்றனர் என்றே சொல்லலாம். எனவே, உடல் அசைவதில் குற்றமில்லை. அந்த அசைவு எப்போது விலைப்பொருளாகிறது, யாருடைய கையில் விலை போகிறது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இக்கேள்வியை அந்நாட்டுக் கலைஞர்களே வெகு முன்னதாக எழுப்பியுள்ளனர். எர்மோகெனெஸ் இலாகன் எழுதிய ‘தலாகங் புக்கித்’, அதாவது ‘நாட்டுப்புறப் பெண்’, என்னும் இசைநாடகத்தை ஹோசே நெப்போமுசேனோ 1919இல் திரைப்படமாக்கினார். பிலிப்பைன்ஸ் நாட்டவர் ஒருவர் உருவாக்கிய முதல் முழுநீளப் படம் அது. கதைத் தலைவி பூ விற்கும் ஏழைப்பெண். அவள் மனம் நாடுவது சட்டம் பயிலும் இளைஞனை. சூதாட்டத்தில் பணமிழந்த பெற்றோரோ, வட்டிக்குக் கடன் கொடுக்கும் முதிய செல்வருக்கு அவளை மணமுடிக்க முனைகின்றனர். பெற்றோரின் கடனுக்கு மகள் ஈடாவது அந்நாட்டுத் திரையின் முதற்கதையிலேயே இடம்பெற்றுவிட்டது என்பது நம் நெஞ்சில் பதிய வேண்டிய செய்தி.

1898இல் ஸ்பெயினின் ஆட்சி முடிந்து அமெரிக்கர் வந்தனர். அவர்களோடு வந்த பல்சுவை மேடைநிகழ்ச்சி, உள்ளூர் நாவில் ‘போதபில்’ ஆயிற்று. 1920களில் லூயிஸ் பொரோமேயோ என்னும் இசைக்கலைஞர் அதனைப் பரப்பினார். பாட்டு, நகைச்சுவை, மாயவித்தை ஆகியவற்றோடு பெண்கள் வரிசையாக நின்று காலுயர்த்தி ஆடும் நடனமும் அதில் இடம்பெற்றது. கேத்தி தெ லா குரூஸ் போன்ற பெரும் பாடகியரும் இம்மேடையில் தோன்றினர். ஜப்பானியர் ஆண்ட 1942 முதல் 1945 வரையான ஆண்டுகளில் திரைப்படத் தயாரிப்பு முடங்கியபோது, நடிக நடிகையர் பலருக்குச் சோறிட்டது இம்மேடையே. 1953இல் தொலைக்காட்சி வந்தது. 1960களில் அரங்குகள் வெறிச்சோடின. காலியான இருக்கைகளை நிரப்ப, ஆடும் பெண்ணின் ஆடையைக் குறைப்பதே அரங்க உரிமையாளர்கள் கண்ட கடைசி வழியாயிற்று. இதைக் கருத்தில் கொள்ளுங்கள்: கலை செழித்த காலத்தில் அன்று, வருமானம் குன்றிய காலத்தில்தான் ஆடை குறைந்தது.

1970ஆம் ஆண்டையொட்டித் திரையரங்குகளில் ‘பொம்பா’ எனப்பட்ட படங்கள் பெருகின. அச்சொல்லின் பொருள் வெடிகுண்டு. முப்பது ஆண்டுகள் கழித்து ஒரு நடனக்குழுவின் பெயரிலும் அதே குண்டு வெடித்தது வியப்பன்று. 1972 செப்டம்பரில் இராணுவச் சட்டத்தை அறிவித்த மார்க்கோஸ் அரசு, நாட்டின் ஒழுக்கத்தைக் காக்கப்போவதாக முழங்கியது. அதே ஆட்சியில் நடந்த 1983ஆம் ஆண்டின் மணிலா பன்னாட்டுத் திரைப்பட விழாவில், செலவை ஈடுகட்டத் தணிக்கையற்ற ஆபாசப் படங்கள் திரையிடப்பட்டன. ஒழுக்கம் பேசிய கரமே நுழைவுச்சீட்டையும் விற்றது!

திரைக்கு வெளியேயும் நிலை இதுவே. சூபிக், கிளார்க் ஆகிய அமெரிக்கப் படைத்தளங்களைச் சுற்றி, ஒலோங்காப்போ, ஆஞ்சலெஸ் நகரங்களில் மதுக்கூடங்களும் ஆட்டக்கூடங்களும் பெருகி, வறிய ஊர்களின் பெண்களை ஈர்த்தன. 1991இல் பினாத்துபோ எரிமலை வெடித்ததால் கிளார்க் தளம் கைவிடப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் நாட்டின் மேலவை ஒப்பந்தத்தை நிராகரித்ததால் அடுத்த ஆண்டு சூபிக் தளமும் மூடப்பட்டது. ஆனால் வறுமைக்கு விடுமுறை கிடைக்கவில்லை. ‘கேளிக்கைக் கலைஞர்’ என்னும் நுழைவு அனுமதியோடு பெண்கள் ஜப்பானுக்குச் சென்றவண்ணம் இருந்தனர். 1991இல் அவ்வாறு சென்ற 22 வயது நடனப்பெண் ஒருவர் அங்கே இறந்தபோது நாடே கொதித்தது. எனினும் 2004ஆம் ஆண்டில் மட்டும் 80,000க்கும் மேற்பட்டோர் அந்த அனுமதியில் சென்றனர். 2005இல் ஜப்பான் விதிகளை இறுக்கிய பின்னரே எண்ணிக்கை சரிந்தது. அவர்கள் அனுப்பிய பணத்தில் எத்தனை கூரைகள் வேயப்பட்டன, எத்தனை தம்பியர் பள்ளிக்குச் சென்றனர் என்பதை யார் எழுதி வைத்தார்கள்?

இப்பின்னணியில்தான் நண்பகல் மேடையைக் காண வேண்டும். ‘ஈட் புலாகா’ என்னும் நண்பகல் நிகழ்ச்சி 1979இல் தொடங்கியது. 1998இல் எதிர்த்தொலைக்காட்சி வலிமையான போட்டி நிகழ்ச்சியைக் களமிறக்கியது. பார்வையாளர் எண்ணிக்கையே விளம்பரப் பணத்தை நிர்ணயிக்கும் சந்தையில், 1999இல் நடன ஆசிரியை ஜாய் கான்சியோ உருவாக்கிய ‘செக்ஸ்பாம்’ குழு ‘ஈட் புலாகா’ மேடையேறியது. 2002இல் அவர்களது முதல் பாடல்தொகுப்பு வெளிவந்தது. 2003 முதல் 2010 வரை ‘டெய்சி சியெதே’ என்னும் பிற்பகல் தொடரிலும் அவர்களே நடித்தனர். அவர்களது ‘ஸ்பகெத்தி’ பாட்டுக்குப் பள்ளிச் சிறுமியரும் பாட்டிமாரும் ஒருங்கே ஆடினர். அப்பெண்கள் வெறும் கவர்ச்சிப் பொருள்களாக மட்டும் இருந்ததில்லை. பயிற்சியும் உழைப்பும் உடைய ஆட்டக்காரர்கள் அவர்கள். குடும்பத்தைத் தாங்கிய பிள்ளைகளும் அவர்களிடையே இருந்தனர். பெயரை வைத்தவரும் படக்கருவியின் கோணத்தைத் தீர்மானித்தவரும் வேறு. 2003இல் ஒரு திரைப்பட நிறுவனம் தொகுத்த ‘விவா ஹாட் பேப்ஸ்’ குழுவிலோ, ஆட்டம் பின்னுக்குச் சென்று உடலே முன்னுக்கு வந்தது.

இம்மேடையின் மறுபக்கத்தை 2006 பிப்ரவரி 4 வெளிக்காட்டியது. பாசிக் நகர விளையாட்டரங்கில் ‘வோவோவி’ என்னும் மற்றொரு நண்பகல் நிகழ்ச்சியின் முதலாண்டு விழா. பரிசுப் பணத்தை நம்பித் திரண்ட பெருங்கூட்டம் நெரிந்ததில் எழுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மேடையில் ஆடிப் பிழைத்த பெண்ணும், வாயிலில் மிதிபட்டு மடிந்த பெண்ணும் ஒரே வறுமையின் மக்கள் அல்லரோ?

2011 மார்ச்சில், வேறொரு நிகழ்ச்சியில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் கண்ணீர் வழிய வழிய இரவுவிடுதி ஆட்டம் ஆடினான். அவனுக்குப் பத்தாயிரம் பெசோ கொடுக்கப்பட்டது. அரங்கம் சிரித்தது. ஆனால் இம்முறை மக்கள் சும்மா இருக்கவில்லை. எதிர்ப்பு வலுத்தது, விளம்பரதாரர்கள் விலகினர், நிகழ்ச்சி சில காலம் நிறுத்தப்பட்டது. பார்ப்பவர் மறுத்தால் பணம் பின்வாங்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

முரண்களும் உண்டு. திரைப்படங்களையும் தொலைக்காட்சியையும் தரம்பிரிக்க 1985இல் அரசாணையால் அமைக்கப்பட்ட வாரியத்தில், 2017 சனவரியில் உறுப்பினராக அமர்த்தப்பட்டவர் ‘மோக்கா கேர்ள்ஸ்’ குழுவின் தலைவியே. அதே ஆண்டு அவர் அதிபரின் செய்தித்தொடர்புத் துறையில் உதவிச் செயலராகவும் ஆனார். அவரது அரசியலை எடைபோடுவது என் நோக்கமன்று. ஆட்டமேடையில் திரண்ட இரசிகர் கூட்டத்தை வாக்குப்பெட்டிக்கு அழைத்துச் செல்லலாம் என்று கண்டுகொண்டவர்களைத்தான் எண்ணிப் பார்க்கிறேன். 2021இல் அறிமுகமான எட்டுப் பெண்கள் கொண்ட ‘பினி’ குழு, நீண்ட பயிற்சியோடும் குரல்வளத்தோடும் வேறொரு பாதையில் புகழ் பெற்றுள்ளது. இது ஆறுதலே. எனினும் அங்கும் முதலீடும் இலாபக்கணக்கும் உண்டு என்பதை மறத்தலாகாது.

நற்செய்தியில் ஏரோதின் பிறந்தநாள் விருந்தில் ஆடிய சிறுமியை நாம் அறிவோம். திருமுழுக்கு யோவானின் தலைக்கு அவளையே பொறுப்பாக்கி, ஓவியங்களில் வாளும் தட்டுமாக வரைந்து வந்துள்ளோம். ஆனால் மாற்கு நற்செய்தியைப் பொறுமையாகப் படித்தால், விருந்து வைத்தவன் மன்னன். ஆணையிட்டுப் பரிசு அறிவித்தவனும் அவனே. என்ன கேட்பதென்று சொல்லிக்கொடுத்தவள் தாய். சுற்றி அமர்ந்து சுவைத்தவர்கள் பெருங்குடி மக்கள். சிறுமியின் பெயரைக்கூட மாற்கு குறிப்பிடவில்லை.

1991இல் நடந்த தம் இரண்டாம் பொதுப்பேரவையில் பிலிப்பைன்ஸ் திருச்சபை, தான் ஏழைகளின் திருச்சபையாக விளங்க வேண்டும் என்று உறுதிபூண்டது. அந்த உறுதிமொழிக்கு உரைகல் ஆலயப் பீடத்தில் இல்லை. நண்பகல் மேடையில் ஆடிவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, வீட்டு வாடகைப் பணத்தோடு பேருந்தில் ஏறும் பெண்ணைத் திருச்சபை எக்கண்ணால் நோக்குகிறது என்பதில் இருக்கிறது. அவளைக் கண்டிக்குமுன், விருந்து மேசையில் அமர்ந்திருப்போரை ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். நமக்கும் அங்கே ஓர் இருக்கை போடப்பட்டிருக்கக்கூடும்.