கடதாசியில் தெரிந்த சீனி

இலை வெளிச்சத்தில் சீனி செய்கிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். முதலில் எந்தப் பொருள், பிறகு எது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? கரைந்த சீனிக்கு நிறமே இல்லையே!

1944இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரக் கம்பளி ஆய்வுகூடத்தார் வடிதாளில் கலவைகளைப் பிரிக்கும் குரோமட்டோகிராபி முறையை வெளியிட்டார்கள். கலிபோர்னியாவின் பேர்க்லியில் அன்ட்ரூ பென்சனும் கூட்டாளிகளும் அதோடு கதிரியக்கக் காபன்-14ஐச் சேர்த்தார்கள். பச்சைப் பாசிக்குச் சில செக்கன் மட்டும் அந்தக் காபனைக் கொடுத்து, உடனே சூடான அற்ககோலில் விழுத்திக் கொல்வார்கள். சாற்றில் ஒரு சொட்டு கடதாசி மூலையில். ஒரு கரைப்பான் அதை ஒரு பக்கம் இழுக்கும். கடதாசியைத் திருப்பினால் இன்னொன்று மறுபக்கம் இழுக்கும். (அதில் பினோலின் நாற்றம் பொல்லாதது!) மேலே எக்ஸ்ரே படத்தாளை வைத்துப் பொறுமையாகக் காத்திருந்தால் கறுப்புப் புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளியின் கதிர்வீச்சையும் எண்ணினால் எதில் எவ்வளவு காபன் என்ற கணக்கு வந்துவிடும். ஐந்து செக்கனில் பெரும்பங்கு பொஸ்போகிளிசரிக் அமிலம். நேரம் கூடக்கூடச் சீனிகள்.

1961 நோபல் பரிசு ஆய்வுகூடத் தலைவர் மெல்வின் கல்வினுக்கு மட்டுமே கிடைத்தது. பென்சனை அவர் 1954இலேயே வெளியே அனுப்பிவிட்டார். 1992இல் வந்த கல்வினின் சுயசரிதையில் பென்சனின் பெயரே இல்லை. நான் கணக்காளன், உழைத்தவர் பெயரில் வரவு வைக்காத பேரேட்டில் கையொப்பம் இடமாட்டேன். 2015இல், 97 வயதில், பென்சன் காலமானார். இன்று பல பாடநூல்கள் அதைக் கல்வின்-பென்சன் வட்டம் என்கின்றன.